டேங்குக்குப் பின்னால் ஒரு வெள்ளை வெங்காயம்

வா அம்மணி, உள்ள வா. செருப்பு அங்கேயே கிடக்கட்டும். நாச்சி அனுப்பின பொண்ணுதானே நீ? எங்க வீட்டுக்காரர் சொன்னார். என்கிட்டப் பேசலை, அவர்கிட்டப் பேசியிருக்காள். பேசிட்டுப் போகட்டும்.

மூணு சாமான் வாங்கிட்டு வரச் சொல்லியிருப்பாள். ஒரு பக்கெட்டு, ஒரு அயர்ன் பாக்ஸ், அப்புறம் அந்த வெள்ளை வெங்காயம் வெச்ச தண்ணிக் கேன். முதல் ரெண்டையும் வாசல்லயே எடுத்து வெச்சிருக்கேன், தாராளமாக் கொண்டு போ. மூணாவதைத் தர்றதா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணலை. அதுக்குத்தான் உட்காரச் சொல்றேன். காபி வரும். அவர் போடுவார், என்னைவிட நல்லாப் போடுவார்.

நீயும் கண்ணாஸ்பத்திரியிலதான் வேலையா? அப்ப உனக்கும் வெங்காயம் நறுக்கினாக் கண்ணுல தண்ணி வராது. நாச்சிக்கு வரவே வராது. மாமியாரை நறுக்கினாக்கூட வராது. பயப்படாதே கண்ணு, மாமியார்ங்கறது ஒரு ரகம். நான் வெச்ச பேரு. நறுக்க வேண்டாம், கூடையைக் கடந்து போனாலே கண்ணைக் கசக்க வெச்சிடும். இன்னொண்ணு கொழுக்கட்டை, அது மேல கூம்பா, கீழ உருண்டையா இருக்கும். எல்லாத்துக்கும் மேல சிவப்புத் தட்டை. எங்கம்மா வீட்டுல இருந்து வந்தது. சப்பையா, அமுக்கி வெச்ச மாதிரி, சிவப்புன்னா அப்படி ஒரு சிவப்பு.

வெங்காயத்தை நட்டா வெங்காயம் வரும், அது எல்லாருக்கும் தெரியும். நான் அப்படி இல்லை. நான் விதை போட்டு வளர்க்கிறவள். இந்த வருஷம் விதை போட்டா வெங்காயம் கிடைக்கும். அதுல நல்ல வெங்காயமாப் பொறுக்கி வெச்சு, மழை முடிஞ்சதும் மறுபடி நட்டா, குளிருக்குத் தண்டு விடும், தண்டு நுனியில பூ உருண்டையா வரும், பூவுல விதை வரும். அந்த விதையை அடுத்த பட்டத்துல போட்டே ஆகணும். வெச்சிருந்து வெச்சிருந்து போடலாம்னு நினைச்சா முளைக்காது. ஒரு வருஷம் சோம்பேறித்தனம் பண்ணினா அந்த ரகம் வீட்டை விட்டுப் போயிடும்.

முளைச்சு வர்றதை நீ பார்த்திருக்க மாட்டே. முதல்ல வளைஞ்சு கொக்கி மாதிரி வரும். அப்புறம் நிமிரும், நிமிரும்போது கறுப்பு விதைத் தோலைத் தலையில தொப்பி மாதிரி மாட்டிக்கிட்டு நிக்கும். நாச்சி மேல் வீட்டுல குடியிருந்தப்ப அதைப் பார்க்கிறதுக்குன்னே காலையில பல் விளக்கிட்டே கீழ இறங்கி வருவாள். நாத்துத் தட்டு இந்த ஜன்னல்லதான் இருக்கும். இன்னைக்கு எத்தனை பேரு தொப்பி கழட்டியிருக்காங்க துளசிம்மான்னு கேட்பாள். முதல்ல என்னை ஆன்ட்டின்னுதான் கூப்பிட்டாள். எனக்குப் பிடிக்கலை, அக்கான்னு கூப்பிடுன்னு சொன்னேன். அவளுக்கு அக்கா வாயில வரலை. அவளாகவே துளசிம்மான்னு ஆரம்பிச்சாள். நான் சரின்னு விட்டுட்டேன்.

விதை பார்க்கிறதுக்குக் கறுப்பு எள்ளு மாதிரியே இருக்கும். என் தங்கச்சி ஒரு தீபாவளிக்கு வந்தவள், டப்பாவைத் திறந்து முறுக்கு மாவுல கொட்டிட்டாள். ஒரு ரகமே அன்னைக்கு எண்ணெய்ச் சட்டியில போச்சு. முறுக்கு நல்லா இருக்குன்னு எல்லாரும் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்னாங்க. நான் அவகூட அடுத்த தீபாவளி வரைக்கும் பேசலை. எதுக்குச் சொல்றேன்னா, நான் கோபக்காரி இல்லை. காரணம் இருந்தாத்தான் பேச்சை நிறுத்துவேன்.

எங்களுக்குக் குழந்தைங்க இல்லை. நீ கேட்கலை, நானே சொல்லிடறேன், அடுத்து எல்லாரும் அதைத்தான் கேட்பாங்க. கேட்டுட்டு, அதனாலதான் வெங்காயம் வளர்க்கிறீங்களான்னு ஒரு பார்வை பார்ப்பாங்க. அதுவும் இதுவும் வேற வேற. நான் கல்யாணத்துக்கு முன்னாடியே வெங்காயம் வளர்த்தவள்.

அந்தச் சிவப்புத் தட்டை இருக்கே, அதுக்கு இருக்கிற உரம் வேற எதுக்கும் இல்லை. ஒரு ஐப்பசியில விடாத மழை. நடறதுக்குன்னு பொறுக்கி வெச்சிருந்த தட்டையெல்லாம் கூடையில ஈரம் பிடிச்சு, பாதிக்கு மேல அழுகி நாறிப் போச்சு. நான் கோபியில ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. அழுதுட்டே பஸ் ஏறினேன். திரும்பி வந்து பார்த்தா, கூடை நிறைய கல்லு மாதிரி தட்டை. ஒண்ணுகூட அழுகல் இல்லை. எங்க வீட்டுக்காரர் ஃபேன் போட்டு உலர்த்தினாராம், அதுவாகவே தேறிடுச்சாம். முன்னைவிடக் கொஞ்சம் பெருசாகூட ஆகியிருந்தது. அவர் பாவம், அன்னைக்குத்தான் உழவர் சந்தைப் பையைத் துவைச்சுக் கொடியில காயப் போட்டிருந்தார். அத்தனை வேலைக்கு நடுவுல பையையும் துவைச்சிருக்கார். பரம்பரை விதைன்னா அதுதான் கண்ணு. அழுகினாலும் எழுந்து வரும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

வெங்காயத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பக்கத்துல வேற ரகம் பூத்திருந்தா, தேனீ இதுல உட்கார்ந்து அதுல உட்கார்ந்து ரெண்டையும் கலந்துடும். இங்க வடவள்ளியில மலைக்காத்துக்குத் தேனீ நிறைய. அதனால நான் பழைய கொசுவலையைக் கிழிச்சுப் பை தைச்சு ஒவ்வொரு பூந்தொட்டிக்கும் மாட்டி வெச்சிருக்கேன். முழுசா மூடி வெச்சாத் தேனீ வராது, விதை பிடிக்காது. அதனால ஒரு நாள் தட்டைக்கு வலையைத் திறப்போம், கொழுக்கட்டை மூடியிருக்கும். மறுநாள் கொழுக்கட்டைக்குத் திறப்போம், தட்டை மூடியிருக்கும். எங்க வீட்டுக்காரர் மில்லுல ஷிப்ட் போர்டு எழுதினவர். இன்னைக்குத் தட்டை டூட்டி, கொழுக்கட்டைக்கு லீவுன்னு சொல்லிட்டே மேல போவார். அப்படிக் கட்டுக்காவலா வெச்சிருந்தோம்.

மொட்டை மாடிச் சாவியைக் குடி வர்றவங்க யாருக்கும் தர்றதில்லை. அது அவர் அரைஞாண் கயித்துலதான் தொங்கும். துணி காயப் போடறதுன்னா முதல் மாடி பால்கனி இருக்கு. நாச்சி வந்தப்பவே சொல்லிட்டேன். அவளும் சரின்னு தலையாட்டினாள். அவ எதுக்குமே எதிர்த்துப் பேச மாட்டாள். சாயங்காலம் வந்தா இந்தத் தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்து, பூக்கொத்தைக் கசக்கி விதை பிரிச்சுத் தருவாள். கண்ணாஸ்பத்திரிக் கை, ஒரு பதர் இருக்காது. அப்புறம் இங்கேயே சாப்பிடுவாள். மேல எதுக்குத் தனியாச் சமைச்சுக்கிட்டு, கேஸுக்குத்தானே கேடுன்னு நான்தான் சொன்னேன். இப்பவும் பழக்கத்துல மூணு பேருக்கு அரிசி போட்டுடறேன். மீந்ததை ராத்திரி அவர் தண்ணி ஊத்தி வெச்சுடுவார்.

போன வருஷம் தை மாசம் தட்டையைப் பிடுங்கினேன். முந்தின குளிர்ல எடுத்த விதை, கொசுவலைக்குள்ள எடுத்த விதை. மண்ணைத் தட்டிப் பார்த்தா, பாதி சிவப்பு, பாதி ரோஸு. ரோஸுன்னா குழந்தை உள்ளங்கை மாதிரி ரோஸு. எங்கம்மா வீட்டுத் தட்டையில எவனோ கை வெச்சிருக்கான்.

முதல்ல பக்கத்து வீட்டைச் சந்தேகப்பட்டேன். போய்ப் பார்த்தா அவங்க வெங்காயமே சாப்பிடாதவங்க. அப்புறம் இவரைப் பிடிச்சேன். ஷிப்டை மாத்தி ரெண்டு வலையையும் ஒரே நாள்ல திறந்தீங்களான்னு கேட்டேன். நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள, ஆமா துளசி, நான்தான், ஒரு நாள் மறந்துட்டேன்னு ஒத்துக்கிட்டார். இந்த மனுஷன் எதையும் அவ்வளவு சுருக்கா ஒத்துக்கிட்டதே இல்லை. பாவம், பயந்துட்டார். ஆனாலும் தண்டனை தண்டனைதான். ஒரு வாரம் அவர் சாப்பாட்டுல வெங்காயமே போடலை. ரசம், மோர், பருப்பு, அவ்வளவுதான். அந்த வாரம் பார்த்து மோட்டார் வேற மக்கர் பண்ணிச்சு. தினமும் சாயங்காலம் மேல போய்ப் பார்த்துட்டு வருவார். வந்தா சட்டையெல்லாம் வெங்காய பஜ்ஜி வாசம். வெங்காயமே சாப்பிடாத பக்கத்து வீட்டுல இருந்து பஜ்ஜி வாசம் எப்படி வரும்னு நானும் யோசிச்சேன். அந்தத் தெருமுனைக் கடையில போடறானே, அது காத்துல வந்து ஒட்டிக்கும்போல.

ஆனா எனக்கு உறுத்திட்டே இருந்தது. கொழுக்கட்டையும் நல்ல சிவப்பு, தட்டையும் நல்ல சிவப்பு. சிவப்பும் சிவப்பும் கலந்தா ரோஸு எங்கிருந்து வரும்? எங்கேயோ ஒரு வெள்ளை இருக்கணும். சொல்லு, இருக்கணுமா இல்லையா?

ஒரு நாள் மாடி டேங்க் வழிஞ்சு கொட்டுது. இவர் கடைக்குப் போனவர், குளிக்கக் கழட்டின சாவியை ஆணியிலயே விட்டுட்டுப் போயிருந்தார். முட்டி வலிக்க வலிக்க நானே ஏறினேன். மிதவையைத் தட்டி விடலாம்னு டேங்குக்குப் பின்னால போனா, அங்க ஒரு தண்ணிக் கேன். பாதியா வெட்டினது. அதுல பச்சுனு ஒரு வெங்காயம். பக்கத்துலயே ஒரு காகிதப் பையில, முந்தின வருஷம் காய்ஞ்ச பூக்கொத்து, தலைகீழாக் கட்டித் தொங்குது. நான் விதைக்குக் கட்டுற அதே முடிச்சு. நான் அவளுக்குச் சொல்லிக் குடுத்த முடிச்சு. மண்ணு ஈரமா இருந்தது. பூட்டின மாடியில இவ எப்படி ஏறினாள், சாவி இவர் இடுப்பிலதானே இருக்கும்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. இவரைக் கேட்டா இவருக்கும் புரியலையாம். இவருக்கு வெங்காயத்துக்கும் பூண்டுக்குமே வித்தியாசம் தெரியாது, இவரைக் கேட்டு என்ன பண்ண?

இதோ காபி. குடி. சக்கரை பத்தலைன்னா சொல்லு, அவர் உள்ளதான் நிக்கிறார். சமையல்கட்டுல இருந்தாலும் காது இங்கதான் இருக்கும்.

நாச்சி வேலையில இருந்து வந்ததும் அந்தக் கேனை நடுவீட்டுல வெச்சு, இது யாருன்னு கேட்டேன்.

"வெங்காயம், துளசிம்மா."

"அது எனக்குத் தெரியாதா? எந்த ஊரு? யாரு குடுத்த விதை?"

"யாரும் குடுக்கலை. வந்த புதுசுல சாம்பாருக்கு வாங்கினதுல ஒண்ணு வெள்ளையா இருந்துச்சு. கூடையிலயே கிடந்து முளை விட்டுருச்சு. நறுக்கப் போனேன், மனசு வரலை."

எப்படி இருக்கும் எனக்கு? எங்கம்மா வீட்டுத் தட்டைக்கு நான் வலை தைச்சு, ஷிப்ட் போட்டு, கண்ணு மாதிரி காத்துட்டு இருக்கேன். இவ சாம்பாருக்கு வாங்கினதைக் கொண்டு போய் டேங்குக்குப் பின்னால குடி வெச்சிருக்காள். பூர்வீகம் தெரியாததையெல்லாம் வீட்டுக்குள்ள விட்டா இப்படித்தான் ஆகும்னு சொன்னேன். வெங்காயத்தைத்தான் சொன்னேன்.

அவ கேனைத் தன் பக்கம் இழுத்து வெச்சுக்கிட்டாள். அப்புறம் மெதுவா, "என் பூர்வீகமும்தான் உங்களுக்குத் தெரியாது துளசிம்மா. எனக்கு வீடு குடுத்தீங்கள்ல"ன்னாள்.

"அதுதான் நான் பண்ணின தப்பு"ன்னேன்.

இதுல நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? நீயே சொல்லு. விதையைப் பத்தித்தானே பேச்சு. பேச்சுல ஒண்ணு வரும், போகும். அவ அழலை. மாமியாருக்கே அழாதவள். மேல போனாள். ஞாயித்துக்கிழமை ஆட்டோ வந்து நின்னது. லேடீஸ் ஹாஸ்டல்ல இடம் கிடைச்சிடுச்சாம். பெட்டியும் பையும் ஏத்தினாள், மிச்சத்தைப் பின்னால எடுத்துக்கறேன்னாள். எங்க வீட்டுக்காரர் வாசல் கேட் வரைக்கும் போய் வழியனுப்பினார். நான் உள்ளேயே இருந்தேன். எனக்கு அன்னைக்கு உளுந்து ஊற வெச்சிருந்தது, அரைக்கணும்.

அதோட விட்டிருந்தாத் தொல்லை இல்லை. எங்க மாடித்தோட்டக் குழு இருக்கு, மாசம் ஒரு கூட்டம். அங்க போனப்ப எல்லாரும் உங்க தட்டை எங்கன்னு கேட்டாங்க. நல்ல சிவப்பெல்லாம் நடறதுக்கு எடுத்து வெச்சாச்சு, கையில இருந்தது ரோஸுதான். வெட்கமா இருந்தாலும் கொண்டு போனேன், கெட்டுப் போச்சுன்னு சொல்லிக் காட்டலாம்னு. ஒருத்தர் நறுக்கித் தயிர்ல போட்டார். வாயில வெச்சவங்க யாரும் கீழ வைக்கலை. காரமே இல்லை, தித்திப்பு, கடிச்சா மொறு மொறுன்னு. தட்டைகூட அப்படி இருந்ததில்லை, இதை அவங்ககிட்டச் சொல்லலை, உன்கிட்டச் சொல்றேன். பேரு என்னன்னு கேட்டாங்க. கெட்டுப் போன வெங்காயம்னு சொல்ல வந்தேன், வாயில துளசி ரோஸ்னு வந்திடுச்சு. நான் பல வருஷமா உழைச்சுக் கொண்டு வந்ததுன்னும் சொல்லிட்டேன் போலிருக்கு. எல்லாரும் கை தட்டிட்டாங்க. ஆளாளுக்கு விதை கேட்டாங்க. வர்ற பங்குனியில தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன்.

அங்க காலேஜ்ல பாடம் எடுத்த ஒருத்தர் இருக்கார். கூட்டம் முடிஞ்சதும் என்னைத் தனியாக் கூப்பிட்டு, ரோஸுல எடுக்கிற விதை ரோஸாவே வராதுங்கம்மா, ஒண்ணு சிவப்பா வரும், ஒண்ணு வெள்ளையா வரும், மறுபடி இதே ரோஸு வேணும்னா மறுபடி அந்தச் சிவப்பையும் அந்த வெள்ளையையும்தான் சேர்க்கணும், எந்த வெள்ளையோட சேர்த்தீங்கன்னு கேட்டார். நல்ல குடும்பத்து வெள்ளைதான் சார்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?

அதனாலதான் அந்தக் கேனைக் கீழ கொண்டாந்து வெச்சேன். நான் அதை வளர்க்கலை. சாகக் கூடாதேன்னு தண்ணி ஊத்தினேன், அவ்வளவுதான். கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு. காலை வெயில் படட்டும்னு கிழக்கு ஜன்னலுக்கு மாத்தினேன். கேன் விளிம்பு கையைக் கிழிக்குதேன்னு சுத்தித் துணி வெச்சுத் தைச்சேன். மத்தபடி அதுக்கும் எனக்கும் ஒண்ணுமில்லை.

மேல் வீடா? இல்லை, யாரும் வரலை. வந்தாங்க, எனக்குச் சரிப்படலை. ஒருத்தன் பேசும்போதே விரலைச் சொடக்குறான். ஒரு குடும்பம் வந்தது, தலை முதல் கால் வரைக்கும் சென்ட்டு, தேனீ பக்கத்துலயே வராது. இன்னொரு பொண்ணு நல்ல பொண்ணுதான். படி ஏறினாள், சத்தம் வேற மாதிரி இருந்தது. எப்படின்னு கேட்டாச் சொல்லத் தெரியலை. வேற மாதிரி. வேண்டாம்னு சொல்லிட்டேன். டு-லெட் போர்டு கட்டிலுக்கு அடியில கிடக்கு.

இப்ப நிலைமை என்னன்னா, மேல சிவப்புத் தட்டை பூக்க ஆரம்பிச்சிடுச்சு. அதோ பார், வெள்ளையும் தண்டு விட்டிருக்கு. நுனியில அந்த மெல்லிசுத் தோலு கிழிஞ்சு உள்ள மொட்டு எட்டிப் பார்க்குது. நாளைக்கோ மறுநாளோ விரியும். இந்த நேரம் பார்த்து அவ ஆளனுப்பியிருக்காள். ஹாஸ்டலை விட்டுத் தனி வீடு எடுத்துட்டாளாம், அங்க பால்கனி கிடைச்சிடுச்சாமே. கிழக்குப் பார்த்த பால்கனியா? பரவாயில்லையே.

ஆனா என் நிலைமையைப் பாரு. கேனைக் குடுத்துட்டா வெள்ளை போச்சு. வெள்ளை போனா ரோஸு போச்சு. பங்குனியில குழுவுல எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க. குடுக்க மாட்டேன்னா, அடுத்தவ பொருளை வெச்சுக்கிட்டவள்னு பேரு. அதனால நீ போய் என்ன சொல்றேன்னா, துளசிமணி தர மாட்டேன்னு சொல்லலை, பூ முடியட்டும்னு சொன்னாங்கன்னு சொல்லு. வேணும்னா அவளே நேர்ல வந்து கேட்கட்டும். வந்து, தெரியாமப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். சொல்லாட்டியும் பரவாயில்லை, வரட்டும். சாப்பிடற நேரத்துக்கு வந்தாச் சாப்பிடட்டும்.

என்ன சொல்றே? கொஞ்சம் சத்தமாச் சொல்லு.

அவங்க குடுக்கலைன்னாக் கேட்காதே, விட்டுட்டு வந்திடுன்னாளா. பூக்கிற நேரத்துல அலைக்கழிச்சா வாடிடும், என்னைவிட அவங்களுக்குத்தான் அதைப் பார்த்துக்கத் தெரியும்னாளா.

அப்படியா சொன்னாள்.

இதை நீ முதல்லயே சொல்றதுக்கு என்ன கண்ணு? வந்ததும் சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு இவ்வளவு நேரம் பேசிட்டு இருப்பேனா? நீயும் வாயைத் திறக்க மாட்டேங்கறே. உங்க ஆஸ்பத்திரியிலயே எல்லாரும் இப்படித்தான் போல, எதையும் மனசுலயே வெச்சுக்கிறது.

அவளே விட்டுட்டு வரச் சொல்லிட்டாள்னா, அப்புறம் நான் வெச்சுக்கிட்டு என்ன பண்ண? எனக்குப் பிடுங்கி வெச்சுக்கத் தெரியும், விட்டுக் குடுத்ததை வாங்கி வெச்சுக்கத் தெரியாது. வேண்டாம். அவ கேன் அவகிட்டப் போகட்டும்.

என்னங்க, மேல போய் அந்தக் குங்குமச் சிமிழ்ல தட்டைப் பூந்தூள் கொஞ்சம் தட்டி எடுத்துட்டு வாங்க. புதுச் சிமிழ், சாமி அலமாரியில இருக்கு. பூவை உலுக்காதீங்க, விரலால லேசாத் தட்டினாப் போதும். அப்படியே அந்தச் சின்ன பெயிண்ட் பிரஷ்ஷும்.

பார்க்கிறியே. தேனீ பண்ற வேலையை மனுஷனும் பண்ணலாம் கண்ணு. இங்க இருந்து சிவப்புத் தூளைக் கொண்டு போய், பிரஷ்ஷால வெள்ளைப் பூவுல தொட்டு வெச்சா ஆச்சு. வெள்ளை இங்க இருந்தா என்ன, அவ பால்கனியில இருந்தா என்ன?

நீ என்ன, ஸ்கூட்டரா? கேனைக் காலடியில வெச்சுக் கொண்டு போயிடலாம்னு பார்த்தியா? நல்லா இருக்கே. மருதமலை ரோட்டுல தோண்டிப் போட்டிருக்கிற பள்ளத்துக்கு, வீடு போய்ச் சேர்றதுக்குள்ள தண்டு ஒடிஞ்சு தொங்கும். நான் பின்னால உட்கார்ந்து மடியில வெச்சுப் பிடிச்சுக்கறேன். எனக்கு ஸ்கூட்டர் பழக்கம்தான், ஒரு பக்கமா உட்காருவேன், பயப்பட மாட்டேன். பக்கெட்டை நீ முன்னால மாட்டிக்கோ. அயர்ன் பாக்ஸை அதுக்குள்ள போட்டுடு.

இரு, சேலை மாத்திட்டு வந்துடறேன். அவளுக்காக இல்லை, இதுல சாம்பார் கறை இருக்கு.

வந்துட்டேன். என்னங்க இது, தூக்குவாளி? எப்ப கட்டினீங்க? புளிச்சோறா, உருளைக்கிழங்கு வறுவலா? நான் போறேன்னு இப்பத்தானே சொன்னேன், வறுவல் எப்ப வறுத்தீங்க? இந்த மனுஷனுக்கு என்ன தோணுதோ. சரி குடுங்க, மீந்து போறதுக்குக் கொண்டு போய்க் குடுத்தா ஆச்சு. என்ன சிரிப்பு? குடிச்ச டம்ளரை எடுத்து உள்ள வைங்க.

ம், ஓட்டு கண்ணு. மெதுவா. இந்தத் திருப்பத்துல இன்னும் மெதுவா. தண்டு ஆடக் கூடாது.

அவ வீட்டுல லிஃப்ட் இருக்கா? ரெண்டாவது மாடியா? முட்டிக்குக் கஷ்டம்தான், என்ன பண்ண? ஏன்னா கண்ணு, வெங்காயப் பூ ஒரே நாள்ல விரியாது. ஒரு உருண்டையில எத்தனையோ பூ, இன்னைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம்னு ஒரு மாசம் இழுக்கும். அன்னன்னைக்கு விரிஞ்சதை அன்னன்னைக்குப் போய்த் தொட்டு வைக்கணும். ஒரு நாள் விட்டாலும் விதை குறைஞ்சிடும். தூளைக் குடுத்து அவளையே பண்ணச் சொல்லலாம்தான். ஆனா பூந்தூள் புதுசா இருக்கணும், தினமும் யாராவது கொண்டு வந்துதானே ஆகணும்.

கதவைத் திறந்ததும் நீ எதுவும் பேசாதே. நானும் பேச மாட்டேன். கேனை மட்டும் நீட்டுவேன். அவ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாள்னா? திருப்பிக்கட்டுமே. நான் பாட்டுக்குப் பால்கனியில வேலையை முடிச்சுட்டு, தூக்குவாளியை அங்கேயே வெச்சிட்டு வந்துடுவேன்.

வாளியை வாங்கறதுக்கு நாளைக்குப் போய்க்கலாம்.